பணம் திரும்பும் விமான டிக்கெட்: யாருக்கு லாபம்?

கொள்முதலுக்காக சூரத், மும்பை, டில்லி என்று விமானத்தில் சென்றுவரும் உறுப்பினர்கள் பலர் உள்ளனர். ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா? சிறு கணக்கு ஒன்று போதும்.

சாதாரண டிக்கெட் ரூ.5,000, ரத்து செய்தால் ரூ.800 திரும்பும் என வைத்துக்கொள்வோம். நஷ்டம் ரூ.4,200. முழுப்பணமும் திரும்பும் டிக்கெட் ரூ.6,400 என்றால் கூடுதல் ரூ.1,400. நான்கு பயணங்களில் ஒன்று ரத்தானால், போய்வந்த மூன்றுக்கும் கொடுத்த கூடுதல் தொகையும் அதே ரூ.4,200. ஆகவே, இந்த விலையில் நான்கில் ஒன்றுக்கு மேல் ரத்து செய்பவருக்கே அது லாபம்.

எந்த டிக்கெட்டை ரத்து செய்தாலும் அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் நிறுவனம் திருப்பித்தர வேண்டும் என்பது நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. பலர் இதைக் கேட்டு வாங்காமல் விட்டுவிடுகின்றனர்.

பணம் திரும்பும் டிக்கெட்டிலும் ரத்துக் கட்டணம் பிடிப்பதுண்டு. எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு முன் தெரிவிக்க வேண்டும் என்பதை முன்பே கேட்டறிக.

சென்ற ஆண்டு எத்தனை பயணங்களை ரத்து செய்தீர்கள்? பேரேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.