அந்தக் காதணியில் இருப்பது யாருடைய சூரியன்?

ஒரு மேலங்கியின் கட்டங்களுக்குப் பொருள் உண்டா என்ற கேள்வி, சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசு அலுவலகத்தின் மேசைக்கு வந்தது. ‘டீமன் ஸ்லேயர்’ மங்காவின் ஆறு கதைமாந்தர் அணியும் ஆடை வடிவங்களை வணிக முத்திரைகளாகப் பதிவுசெய்ய வேண்டும் என்று, அதை வெளியிட்ட ஷுயெய்ஷா பதிப்பகம் 2020 ஜூனில் ஜப்பானியக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. அடுத்த ஆண்டு மூன்று வடிவங்கள் ஏற்கப்பட்டன, மூன்று மறுக்கப்பட்டன. மறுக்கப்பட்டவற்றுள் ஒன்று, கதாநாயகன் டான்ஜிரோவின் பச்சையும் கறுப்புமான கட்டங்கள். மாறி மாறி வரும் சதுரங்கள் நெடுங்காலமாக ஜப்பானில் புழங்கிவரும் அலங்காரம். அதைக் கண்டதும் ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் பொருள் என்று எவரும் கொள்ள முடியாது என்பதே மறுப்பின் சாரம்.

சட்டப்படி அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். எனினும், அந்த ஆண்டு அந்தக் கட்டம் போட்ட முகக்கவசத்துடன் ஜப்பானியத் தெருக்களில் நடந்த எந்தக் குழந்தையைக் கேட்டிருந்தாலும், அது யாருடைய ஆடை என்று தயங்காமல் சொல்லியிருக்கும்.

மங்கா எனக்குத் தாமதமாக அறிமுகமான கலை. என் அக்கா மகள்தான் முதல் தொகுதியைக் கையில் கொடுத்தாள். கோயோஹாரு கோடோகே எழுதி வரைந்த இத்தொடர், 2016 முதல் 2020 வரை ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் வெளிவந்து, 23 தொகுதிகளாக நூலுருப் பெற்றது. கரி விற்றுப் பிழைக்கும் மலைக் கிராமத்துச் சிறுவன் டான்ஜிரோவின் குடும்பத்தை அரக்கர் தலைவன் கொன்றுவிடுகிறான். உயிர் பிழைத்த தங்கை நெசுகோ அரக்கியாகிவிடுகிறாள். அவளை மீண்டும் மனுஷியாக்க அண்ணன் வாளேந்துகிறான். கதை நிகழும் காலம் 1912 முதல் 1926 வரையிலான தைஷோ ஆட்சிக்காலம். அரக்கர்களைக் கொல்லும் ஆற்றல் கதிரவனின் ஒளிக்கு உண்டு. இந்த ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வார இதழ் மங்கா பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் அச்சாவது. வாரத்துக்கு இருபது பக்கங்களுக்குள் கதை நகர வேண்டும். நிறம் இல்லை, வருணிக்க இடமும் இல்லை. ஆகவே ஒருவர் யார், எங்கிருந்து வந்தவர், எதைச் சுமந்து நடக்கிறார் என்பதை உருவமே சொல்லிவிட வேண்டும். தலைமுடியின் வெட்டு, தழும்பு, துணியின் கோலம் எல்லாம் அங்கே எழுத்தின் வேலையைச் செய்கின்றன. ரசிகர்கள் ஒவ்வொரு கோட்டையும் துருவிப் பார்ப்பதை வேலையற்றோரின் பொழுதுபோக்கு என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. நம் உரையாசிரியர்கள் ஓர் அடைமொழிக்கு அரைப்பக்கம் எழுதினால் புலமை என்கிறோம். ஒரு பெண் மேலங்கியின் தையலைக் கவனித்தால் மட்டும் பைத்தியம் என்று சொல்லிவிடுகிறோம்.

முதல் அத்தியாயத்திலேயே கியூ டோமியோகா என்னும் வாள்வீரன் வருகிறான். அவனுடைய மேலங்கி நடுவே இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி வெறுமையாகவும் மறு பாதி நெருக்கமான கட்டக் கோலத்துடனும் இருக்கிறது. வித்தியாசமாகத் தெரிவதற்காக அப்படி வரைந்திருப்பார்கள் என்றேன். “சும்மா யாரும் ரெண்டு துணிய ஒட்டித் தைக்க மாட்டாங்க, மாமா” என்றாள் அவள். அவளிடம் சான்றும் இருந்தது. சில அத்தியாயங்கள் தள்ளி வரும் சபிட்டோ என்ற சிறுவனின் உடையில் அதே கோலம் இருப்பதைக் காட்டினாள். நூறு அத்தியாயங்களுக்கும் மேல் கடந்த பின்னரே கதை வாய் திறக்கிறது. வெறும் துணிப் பாதி, திருமணத்துக்கு முந்தைய நாள் தம்பியைக் காத்து அரக்கனுக்குப் பலியான அக்காவுடையது. கோலமிட்ட பாதி, தேர்வுக் களத்தில் அவனையும் மற்றவர்களையும் காப்பாற்றி மாண்ட நண்பனுடையது. தன்னால் இறந்ததாகத் தான் நம்பும் இருவரையும் அவன் தோளில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறான். அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போனேன். படம் மாறவில்லை; நான் பார்த்தது மாறியிருந்தது.

காப்புரிமை அலுவலகம் ஏற்றுக்கொண்ட மூன்று வடிவங்களுள் கியூவின் மேலங்கியும் ஒன்று. (எப்போதும் வெற்று மார்புடன் பன்றித் தலையை மாட்டிக்கொண்டு அலையும் இனோசுகே, பதிப்பகத்துக்குப் பதிவுசெய்ய ஒன்றுமே விட்டுவைக்கவில்லை.)

மறுக்கப்பட்ட வடிவங்கள் பொருளற்றவை அல்ல. அவற்றின் பொருள் கோடோகேக்கு முன்பே, யாருக்கும் சொந்தமாகாமல் புழங்கிவந்தது. நெசுகோவின் ஆடையில் இருப்பது சணல் இலைக் கோலம். சணல் விரைந்து நேராக வளர்வது. ஆகையால் குழந்தைகள் நோயின்றி வளர வேண்டும் என்று அந்தக் கோலத்தில் அவர்களுக்கு உடை தைப்பது ஜப்பானிய மரபு. வளர வேண்டிய வயதில் மனித வாழ்விலிருந்து பிடுங்கப்பட்ட பெண்ணின் மேல் அந்தத் துணி கிடக்கிறது. டான்ஜிரோவின் கட்டத்துக்கு இச்சிமாட்சு என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டின் கபுக்கி நடிகர் ஒருவர் அதை மேடையில் அணிந்து புகழ்பெறச் செய்ததால், அவர் பெயரே அதற்கு நிலைத்தது. தொடர்ந்து நீளும் கட்டங்கள் முடிவின்மையையும் செழிப்பையும் குறிப்பதாகக் கொள்வர். டோக்கியோ 2020 ஒலிம்பிக்கின் சின்னம்கூட அந்தக் கட்டத்திலிருந்து பிறந்ததே.

இங்கே நான் வழுக்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். தொடரின் முடிவை அறிய விரும்பாதோர் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். பச்சையும் கறுப்பும் மாறி மாறி வருவது டான்ஜிரோவுக்குள் மனிதமும் அரக்கமும் மாறி மாறி இருக்கும் என்பதன் முன்னறிவிப்பு என்று ஒரு நாள் பெருமையுடன் விளக்கினேன். கடைசித் தொகுதியில் அவன் சிறிது நேரம் அரக்கனாகவே மாறிவிடுகிறான். என் ஊகம் வென்றுவிட்டது என்று தோன்றும். ஆனால் அவன் மாறாமலே கதை முடிந்திருந்தால், அதே கட்டத்தை அவன் உறுதியின் அடையாளம் என்று அதே பெருமையுடன் சொல்லியிருப்பேன். எந்த முடிவுக்கும் பொருந்தும் விளக்கத்தைப் படத்திலிருந்து எடுத்ததாகச் சொல்ல இயலாது. சபிட்டோவின் உடையைச் சுட்டியவளிடம் ஒரு சான்று இருந்தது. என்னிடம் ஓர் ஆசை மட்டுமே இருந்தது.

இனி அந்தக் காதணிக்கு வருகிறேன். டான்ஜிரோவின் காதுகளில் சீட்டு அட்டை போன்ற செவ்வகக் காதணிகள் தொங்குகின்றன. அவற்றில் கதிரவனும் அதிலிருந்து விரியும் கதிர்களும் உள்ளன. அரக்கரை அழிப்பது சூரிய ஒளி என்பதால், கதைக்குள் அதற்குக் காரணம் உண்டு. இறுதிப் பகுதியில் இன்னொரு காரணமும் வெளிப்படுகிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு தாய், வாய் திறவாத தன் மகனுக்குக் காது கேளாது என்று அஞ்சி, கதிரவனின் ஒளி அந்தக் காதுகளில் பட வேண்டும் என வேண்டிச் செய்த காப்பு அது. இதைவிட மாசற்ற சூரியனை எண்ணிப் பார்ப்பது கடினம்.

ஆனால், தென்கொரியாவில் அது அந்தச் சூரியனாக மட்டும் தெரியவில்லை. வட்டத்திலிருந்து கதிர்கள் விரியும் கொடி, ஜப்பானியப் பேரரசின் படைகள் ஏந்திய கொடி. 1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் இருந்த நாடு அது. காதணியில் ஆக்கிரமிப்பின் கொடியைக் கண்டவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆகவே அங்கே திரையிடப்பட்ட பதிப்பில் விரியும் கதிர்கள் கிடைக்கோடுகளாக மாற்றப்பட்டன. இதைக் கேட்ட ரசிகர் பலர், கதையைப் படிக்காதவர்களின் கூச்சல் என்று எரிச்சலுற்றனர். முதலில் நானும் அவர்கள் பக்கமே நின்றேன்.

என்னை அசைத்தது கதையின் காலம். தைஷோ ஆட்சியின் பதினான்கு ஆண்டுகளும் கொரியா ஜப்பானின் காலனியாக இருந்த ஆண்டுகளே. விடுதலை கேட்டுக் கொரிய மக்கள் தெருவில் இறங்கிய 1919 மார்ச் மாதம் அந்தக் காலத்துக்குள் அடங்குகிறது. ரயில், மின்விளக்கு, மேலைநாட்டு உடை என அக்காலத்தின் அடையாளங்களை இந்தத் தொடர் ஆசையுடன் வரைகிறது. கடலுக்கு அப்பால் நடந்தது எதுவும் அதில் இல்லை. சிறுவர்களுக்கான சாகசக் கதையில் அது இருந்தே ஆக வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஆனால் தைஷோ காலம் என்று கதையே அறிவித்துவிட்ட பிறகு, அந்தக் காலத்தில் அந்தக் கதிர்கள் எதைக் குறித்தன என்று ஒரு கொரிய வாசகி நினைவுகூர்வதை வலிந்து பொருள் கொள்வதாக எப்படிச் சொல்வது? அவள் கையில் இருப்பதும் சான்றுதான். கதைக்கு வெளியே கிடைத்த சான்று.

இதற்கு நேர் எதிரான நிலையில் நின்று பார்ப்பது நமக்கு எளிது. ‘ஒன் பீஸ்’ தொடரில் வெள்ளைத்தாடி என்னும் கடற்கொள்ளையன் கொடியில் முதலில் இருந்த ஸ்வஸ்திக வடிவம் பின்னர் சிலுவை வடிவமாக மாற்றப்பட்டது. ஜப்பானிய வரைபடங்களில் பௌத்தக் கோயிலைக் குறிக்கும் குறி அது. புதுக்கணக்கு நோட்டில் அதை வரைந்து பழகிய நம்மவர் ஒருவருக்கு அந்த மாற்றம் தேவையற்றதாகத் தோன்றலாம். வதைமுகாமில் குடும்பத்தை இழந்தவருக்கு அப்படித் தோன்றாது.

வரைந்தவர் அப்படி நினைக்கவில்லையே என்பது பலரின் இறுதி வாதம். நினைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். குற்றம் சாட்டுவதற்கு வரைந்தவரின் நோக்கம் தேவை. பொருள் கொள்வதற்கு அது மட்டும் போதாது. சணல் இலைக் கோலத்தின் வாழ்த்தை அவர் உருவாக்கவில்லை, மரபிலிருந்து எடுத்துக்கொண்டார். மரபிலிருந்து வாழ்த்து வந்து சேரும் என்றால் வடுவும் வந்து சேரும்.

காதணியை மாற்றியது சரியா என்று கேட்டால், திரையரங்குக்குப் படத்தை அனுப்புபவரின் இடத்திலிருந்து சரியென்பேன்; வாசகனாக எனக்கு ஓர் இழப்பும் உண்டு. கதிர்கள் போனால் கொடி மறைகிறது, அந்தத் தாயின் வேண்டுதலும் சற்று மங்குகிறது. என் அக்கா மகள் தடித்த அட்டையில் அந்தக் காதணிகளைச் செய்து வைத்திருக்கிறாள், கதிர்களுடன்தான். கொரியச் செய்தியைச் சொன்னபோது அவள் வாதிடவில்லை; கையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறுதிப் போரைச் சொல்லும் திரைப்படத் தொடரின் முதல் பாகம் 2025-இல் தமிழ் மொழிமாற்றத்துடனும் இங்கே வெளியானது. தாய் காதணி செய்த கதை அதில் வரவில்லை. வரும் பாகங்களில் வர வேண்டும். அந்தக் காட்சி சியோலின் திரையரங்குகளில் எந்தக் கோடுகளுடன் ஓடும் என்பதை அறிய இப்போது அவளைப் போலவே நானும் காத்திருக்கிறேன்.