உங்களுக்குத் தெரியுமா? சுவரும் சத்தமும் படிப்பும்

நியூயார்க்கின் மன்ஹாட்டனில், மேம்பால ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. நாலரை நிமிடத்துக்கு ஒரு ரயில். அது கடக்கும்வரை டீச்சர் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். 1975இல் உளவியலாளர் அர்லீன் பிரான்சாஃப்ட் மதிப்பெண்களை ஒப்பிட்டுப் பார்த்தார். ரயில் பக்கத்து அறைகளில் படித்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், அதே பள்ளியின் மறுபக்கத்தில் படித்தவர்களைவிட வாசிப்பில் கிட்டத்தட்ட ஒரு வருடம் பின்தங்கியிருந்தார்கள். பிறகு தண்டவாளத்தில் ரப்பர் திண்டு வைத்தார்கள். அறைகளின் உட்கூரையில் சத்தத்தை உறிஞ்சும் பலகை பொருத்தினார்கள். 1981இல் வெளிவந்த அவருடைய அடுத்த ஆய்வில் அந்த இடைவெளியே இல்லை! நெடுஞ்சாலை ஓரத்து வகுப்பில் 'கவனமே இல்லை' என்று ஒரு பிள்ளையைத் திட்டுவதற்கு முன், ஜன்னல் பக்கம் கொஞ்சம் காது கொடுங்கள்.

சுவர் தெரியாமல் சார்ட் ஒட்டினால் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்களா? அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 24 மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் நடத்திப் பார்த்தார்கள். 2014இல் வந்த முடிவு: வெறுஞ்சுவர் அறையில் சரியான விடை 55 சதவீதம், படங்கள் நிறைந்த அறையில் 42. அதற்காக எல்லாவற்றையும் கிழித்துப் போட வேண்டாம். இங்கிலாந்தில் 153 வகுப்பறைகளை ஆராய்ந்த சால்ஃபோர்டு பல்கலைக்கழகம், மிதமான அலங்காரமே நல்லது என்கிறது. இன்றைய பாடத்துக்கு ஒரு படம் போதும். மிச்ச இடத்தில் பிள்ளைகள் வரைந்ததை ஒட்டலாம்.

புதிதாக யோசிப்பதற்கு மட்டும் லேசான இரைச்சல் உதவலாம். 70 டெசிபல் அளவில், அதாவது காபிக் கடைப் பேச்சொலி அளவில், யோசனைகள் நன்றாக வந்தன; 85இல் கெட்டன என்கிறது 2012 ஆய்வு ஒன்று. ஆனால் அது பெரியவர்களிடம் செய்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது.

விரலும் படிக்கும். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்த ஆண்ட்ரூ பெல், சென்னை எழும்பூரில் தாம் நடத்திய ஆதரவற்ற சிறுவர் பள்ளியில் அதைக் கொண்டுவந்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். 1939இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியின் முறையில், உப்புத்தாள் எழுத்தை விரலால் தடவும்போதே பிள்ளை அதன் ஒலியையும் சொல்லும். ஒரு தட்டு மணல் இன்றைக்கும் எந்த ஒன்றாம் வகுப்புக்கும் எட்டாத பொருள் இல்லை.