ஆங்கில மரபுத்தொடர்களில் தட்பமும் துன்ப உணர்வும்

அச்சம், வெகுளி, வெறுப்பு முதலாய துன்ப உணர்வுகளைப் புலப்படுத்தும் ஆங்கில மரபுத்தொடர்களைக் கற்கும் தமிழ் மாணாக்கர் பலர், அகராதியிற் பொருள் கண்டு, அதற்கு நேரான தமிழ்த்தொடர் ஒன்றைக் குறித்துக்கொண்டு அமைகின்றனர். சில தொடர்களுக்கு இம்முறை போதும்; பலவற்றிற்குப் போதாது. எங்கே போதும், எங்கே பிழைபடும் என்பதனை வெப்பம், தட்பம் என்னும் இரண்டையும் அளவுகோலாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம். மொழிபெயர்ப்பிலும் ஒப்பிலக்கிய ஆய்விலும் ஈடுபடுவோர்க்கு இது சிறு செய்தி அன்று. உணர்வு திரியின் கதைமாந்தர் பண்பே திரிந்துவிடும்.

வெகுளியை வெப்பமாகக் காண்டல் இருமொழிக்கும் பொது. ஆங்கிலேயர் 'பாயிலிங் வித் ரேஜ்' என்பர். நாம் 'சினத்தால் கொதித்தான்' என்கிறோம். 'லெட் ஆஃப் ஸ்டீம்' என்னும் தொடர், கொதிகலனில் மிகும் நீராவியை வெளிவிடும் செயலிலிருந்து பிறந்தது. அடக்கிவைத்த உணர்ச்சியைக் கொட்டித் தீர்த்தல் என்பது அதன் பொருள். கலத்துள் அடைபட்டுக் கொதிக்கும் நீர்மம் என்னும் உருவகம் அமெரிக்க ஆங்கிலத்தின் வெகுளித்தொடர்கள் பலவற்றிற்கு அடிப்படையாதலை லேக்காஃப், கோவெச்செஸ் என்னும் மொழியியலார் இருவர் 1987-இல் வெளிவந்த ஆய்வில் விளக்கினர். இப்பகுதியில் தமிழ் மாணாக்கர்க்கு இடர்ப்பாடு மிகுதியும் இல்லை. இடர்ப்பாடு தட்பத்திலேதான் தொடங்குகின்றது.

தமிழில் தட்பம் பெரும்பாலும் இன்பத்தின் பாற்பட்டது. உள்ளம் குளிர்கின்றது, கண் குளிரக் காண்கிறோம், அருளைத் தண்ணளி என்கிறோம். இன்சொல்லின் இயல்பு கூறும் வள்ளுவர் அதனை ஈரத்தொடு சேர்த்துரைத்தார். அவ்வீரத்திற்கு அன்பு எனப் பொருள் கொண்டார் பரிமேலழகர். ஆங்கிலத்திலோ அன்பு வெம்மையாகும்; அன்பின்மை தட்பமாகும். சென்னை வடக்கே ஏறத்தாழ 13 பாகையிலும் இலண்டன் ஏறத்தாழ 51 பாகையிலும் அமைந்தமையை நினைவிற்கொண்டால், நிலத்தின் இயல்பு சொல்வழக்கில் படிந்திருத்தல் கூடும் என்பது விளங்கும்.

'கோல்டு ஷோல்டர்' என்பது, சொல்வழி நோக்கின், குளிர்ந்த தோள். பொருள்வழி நோக்கின், வேண்டுமென்றே முகங்கொடாது புறக்கணித்தல். 1816-இல் வெளிவந்த வால்டர் ஸ்காட்டின் 'தி ஆண்டிக்குவரி' என்னும் புதினத்தில் இத்தொடர் ஸ்காத்லாந்து வழக்கில் காணப்படுகின்றது. வேண்டா விருந்தினர்க்கு ஆறிய ஆட்டுத் தோளிறைச்சியைப் படைத்த வழக்கமே இதன் தோற்றம் என்பது சான்றற்ற கட்டுக்கதை. 'வெட் பிளாங்கெட்' என்பது ஈரக் கம்பளம். தீயை அவிக்க ஈரக் கம்பளத்தைப் போர்த்துவராதலின், பிறர் மகிழ்ச்சியையும் ஊக்கத்தையும் அவிப்பவனுக்கு அஃது ஆகிவந்தது. நமக்கு அன்பாகிய ஈரம் அவர்க்குக் களிப்பை அழிப்பதாயிற்று.

இனி, 'கோல்டு ஃபீட்' என்பதனை அச்சம் என்று மட்டும் எழுதிவைத்தல் பொருந்துமா? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு நிலைக்களன் கூறினார். அவை நான்கும் அஞ்சுவான் புறத்தே உள்ளவை. இத்தொடரின் களனோ தான் முன்னரே செய்த துணிபு. திருமணத்திற்கு இசைந்தவன் நாள் நெருங்குங்கால் தயங்கிப் பின்வாங்க எண்ணுவதையே இது குறிக்கும். புலியைக் கண்டு ஓடுவானுக்கு இஃது ஏலாது. 'வயிற்றில் புளியைக் கரைத்தல்' என மொழிபெயர்ப்பின், வரவிருக்கும் தீங்கிற்கு நடுங்கும் நடுக்கம் தோன்றுமேயன்றித் துணிபு தளர்ந்தமை தோன்றாது.

'இன் கோல்டு பிளட்' என்னும் தொடரில் பிழை இன்னும் பெரிதாகும். சினத்தால் குருதி கொதிக்கும் என்ற பழங்கருத்தின் மறுதலை இது. கொதிப்பின்றி, எண்ணித் துணிந்து செய்த கொலையையே இது சுட்டும். 'ஈவிரக்கமின்றி' என்று பெயர்த்தால் கொடுமை விளங்கும். ஆயின், சினவேகத்தில் நிகழ்ந்ததோ எண்ணிச் செய்ததோ என்னும் வேறுபாடு மறையும். கொலையாளியின் குற்றத்தை அளப்பதற்கு அவ்வேறுபாடே உயிர்நிலை. ஆதலின் 'சினவேகமின்றி எண்ணித் துணிந்து' என விரித்தெழுதுதலே தக்கது.

தட்பம் ஆங்கிலத்தில் என்றும் தீதே எனக் கொள்ளற்க. 'கீப் கூல்' என்பது சினவாது அமைதி காத்தலைக் குறிக்கும் நல்வழக்கு. அவ்வாறே தமிழில் தட்பம் என்றும் இன்பமே எனவும் கொள்ளற்க. அச்சத்தால் உடல் சில்லிட்டது என்கிறோமன்றோ? அது 'பிளட் ரன் கோல்டு' என்பதனோடு நன்கு ஒக்கும். எனவே, ஒரு தொடரில் வரும் தட்பம் எதற்கு மறுதலையாய் நின்றது என வினவுதல் வேண்டும். அன்பின் வெம்மைக்கு மறுதலையாயின் அது வெறுப்பு. சினத்தின் வெம்மைக்கு மறுதலையாயின், சூழலுக்கேற்ப, அமைதியோ வன்கண்மையோ ஆகும். வினைமேற்செல்லும் ஊக்கத்திற்கு மறுதலையாயின் அது தளர்ச்சி.

இதுகாறும் கூறியவற்றால், இத்தகைய தொடர் ஒவ்வொன்றற்கும் உணர்வின் பெயர், அதன் நிலைக்களன், அதன் மறுதலை ஆகிய மூன்றனையும் குறித்துக் கற்றல் வேண்டும் என்பது பெறப்படும். மெய்ப்பாடுகளை நிலைக்களன் வகுத்து ஆராயும் நெறி நம் இலக்கணத்திற்குப் புதிதன்று. அந்நெறியைப் பிறமொழித் தொடர்கள்மீதும் செலுத்தின், அம்மொழியைக் கற்பதோடு நம் மொழியின் உணர்வமைப்பும் தெளிவுறும்.