வேகம் எங்கே குறைந்தது?



தோட்டத்து லயத்தின் கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தால் நாம் என்ன செய்வோம்? முதலில் தொட்டியில் நீர் இருக்கிறதா என்று பார்ப்போம். பிறகு குழாய் போகும் வழியே நடந்து, எந்த இடத்தில் நீர் குறைகிறது என்று காண்போம். எடுத்த எடுப்பில் தொட்டியை இடிக்கமாட்டோம். கம்பியில்லா இணையத்தின் வேகம் குறையும்போதும் இம்முறையே கைகொடுக்கும்.

எங்கள் பள்ளியில் மூன்று கருவிகள் கொண்ட மெஷ் இணைப்பு உண்டு. மெஷ் என்றால் வலை. அலுவலகத்தில் உள்ள ரவுட்டர் தலைமைக் கருவி. அது தருவதை ஆசிரியர் அறையிலுள்ள கருவி வாங்கி, மேட்டில் இருக்கும் வகுப்பறைக் கருவிக்குக் கொடுக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, இக்கருவிகளை உள்ளிருந்து இயக்கும் ஃபெர்ம்வேர் என்னும் ஆணைத் தொகுப்பு தானாகவே புதுப்பிக்கப்பட்டது. திங்கட்கிழமை ஆறாம் ஆண்டு மாணவர்களின் காணொளிப் பாடம் நின்று நின்று ஓடியது. "புதுக் கருவிகள் வாங்கிவிடலாம்" என்ற பேச்சு எழுந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பணம், செம்பனைக் காட்டில் உழைப்பவர்கள் தந்த பணம். அளந்து பாராமல் அதைச் செலவிட எங்களுக்கு மனம் வரவில்லை.

ஒரே மடிக்கணினியைக் கொண்டு அளந்தோம். எங்கள் இணைப்பு நொடிக்கு 100 மெகாபிட். தலைமைக் கருவியில் கம்பியைச் செருகி அளந்தபோது 94 வந்தது. ஆகவே தொட்டியில் நீர் இருக்கிறது, வெளியிணைப்பில் குறையில்லை. கம்பியின்றி அலுவலகத்தில் 90, ஆசிரியர் அறையில் 60, மேட்டு வகுப்பறையில் 6! முன்பு அங்கே 30 கிடைத்தது.

ஒவ்வொரு கைமாற்றத்திலும் வேகம் ஓரளவு குறைவது இயல்பே. ஒரே அலைவரிசையில் வாங்கவும் கொடுக்கவும் வேண்டிய கருவி, பாதி நேரம் வாங்குகிறது, பாதி நேரம் கொடுக்கிறது. ஆனால் 30 எப்படி 6 ஆயிற்று?

ரவுட்டரின் கைத்தொலைபேசிச் செயலியைத் திறந்து பார்த்தோம். மேட்டுக் கருவி ஆசிரியர் அறைக் கருவியை விட்டுவிட்டு, சுவர்களுக்கு அப்பாலுள்ள தலைமைக் கருவியோடு நேரே இணைந்திருந்தது. புதுப்பித்தலின்போது எல்லாக் கருவிகளும் அணைந்து மீண்டும் எழும். நடுக் கருவி எழுவதற்குள் மேட்டுக் கருவி எழுந்து, கிடைத்த வழியைப் பற்றிக்கொண்டது போலும். மூன்றையும் அணைத்தோம். தலைமைக் கருவி, நடுக் கருவி, மேட்டுக் கருவி என்ற வரிசையில், சில நிமிட இடைவெளி விட்டு முடுக்கினோம். வேகம் 29க்குத் திரும்பியது. செலவு ஒரு காசும் இல்லை.

இதனால் தீராவிட்டால் அமைப்புகளைப் பார்க்க வேண்டும். புதுப்பித்தல் சில வேளைகளில் அவற்றை மாற்றிவிடும். தடத்தின் அகலம் 80 மெகாஹெர்ட்சிலிருந்து 20க்குச் சுருங்கினால், வேகமும் ஏறக்குறைய கால் பங்காகும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் சில தடங்களை வானிலை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. அத்தடங்களில் ரவுட்டர் குறைந்தது ஒரு நிமிடம் செவிமடுத்த பின்னரே பேசலாம். ரேடார் ஒலித்தால் விலகிவிட வேண்டும். கைத்தொலைபேசி மெதுவான 2.4 கிகாஹெர்ட்சுக்கு மாறியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

ஒரு வேளையில் ஒரே மாற்றம் செய்யுங்கள். செய்தபின் அதே இடத்தில், அதே கருவியால் அளந்து குறித்து வையுங்கள். எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து அமைப்பது கடைசி வழி.

இதற்கு அஞ்சிப் புதுப்பித்தலை நிறுத்திவிடாதீர்கள். திருடர் நுழையும் ஓட்டைகளை அடைப்பதும் அதுவே. அளந்து பார்ப்போம், அதன் பின் முடிவு செய்வோம். மாணவருக்கு நாம் கற்பிக்கும் அறிவியலும் இதுதானே!