டென்ஷன் யாருக்கு... மேனேஜருக்கா, ப்யூனுக்கா?

"எனக்கு இருக்கிற டென்ஷன்ல ஹார்ட் அட்டாக்கே வந்துடும்யா!"

எந்த ஆபீஸிலும் இந்த வசனத்தைப் பேச மேனேஜருக்குத்தான் லைசென்ஸ். ஏ.ஸி. ரூம், சுழல் நாற்காலி, மேஜை மேல் மாத்திரை டப்பா... பார்க்கிற நமக்கே பாவமாக இருக்கும். பெரிய பதவி என்றால் பெரிய வியாதி என்றுதான் ஊரே நம்புகிறது.

லண்டன்காரர்கள் சும்மா நம்பவில்லை, எண்ணிப் பார்த்துவிட்டார்கள். வொயிட்ஹால் என்பது அங்கே அரசாங்க ஆபீஸ்கள் இருக்கிற தெரு. நம்ம கோட்டை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1967-ல் ஆரம்பித்து, சுமார் 18,000 ஆண் ஊழியர்களின் பி.பி., கொழுப்பு, சிகரெட் கணக்கு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள். பிறகு யார் யார் எதனால் 'போகிறார்கள்' என்று வருஷக்கணக்கில் கவனித்தார்கள். (கொஞ்சம் அமங்கலமான உத்தியோகம்தான்!)

ரிசல்ட்? இதய நோயால் இறப்பது, உச்சாணி அதிகாரிகளைவிடக் கடைசிப் படி ஊழியர்களிடம் மூன்று மடங்குக்கும் மேல்!

'ப்யூன்தானே சார் அதிகம் ஊதித் தள்ளுவார்' என்று மடக்காதீர்கள். அதையும் கழித்துப் பார்த்தாயிற்று. சிகரெட், பி.பி., கொழுப்பு எல்லாம் சேர்ந்தும் அந்த வித்தியாசத்தில் பாதிக்குக்கூடக் கணக்கு உதைத்தது. பட்டினியும் காரணமில்லை. இரண்டாவது படியில் கை நிறையச் சம்பளம் வாங்கினவர்கூட முதல் படிக்காரரைவிட மோசம்!

1985-ல் மைக்கேல் மார்மாட் என்கிற டாக்டர் தலைமையில் இரண்டாவது ரவுண்டு. இந்த முறை பெண்களும் உண்டு. மொத்தம் 10,308 பேர். அதில்தான் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. வேலை மலையாகக் குவிவதைவிட, அதை எப்படிச் செய்வது, எப்போது செய்வது என்பதில் தனக்கு ஒரு வார்த்தைகூட இல்லை என்கிற நிலைமைதான் இதயத்தைப் பதம் பார்க்கிறது.

எனக்கு இது ஆச்சரியமாகவே இல்லை. எங்கள் செக்ஷன் நண்பர் ஒருவர் தங்கை கல்யாணத்துக்கு நாலு நாள் லீவ் கேட்டார். "பார்க்கலாம்" என்று பதில் வந்தது. 'கிடையாது' என்றிருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பார். அந்தப் 'பார்க்கலாம்' அவரை ஒன்பது ராத்திரி கொட்டக் கொட்ட விழிக்க வைத்தது.

புலி துரத்தினால் ஓடுவதற்காக உடம்பு அட்ரினலினையும் கார்டிசாலையும் சுரக்கிறது. இதயம் படபடக்கும், பி.பி. ஏறும், ரத்தத்தில் சர்க்கரை கூடும். ஓடி முடித்தால் எல்லாம் இறங்கிவிடும். ஆனால் புலி எதிர் ரூமில் உட்கார்ந்து தினமும் ஃபைல் கேட்டால்? இறங்க நேரமேது!

இதயம் மட்டுமல்ல, சின்னக் காயம்கூட இதற்குத் தப்பாது. அமெரிக்காவில் ஓஹையோவில், 1998-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி. பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் மேல் அண்ணத்தில் சின்னதாக ஒரு காயம் செய்தார்கள். கோடை விடுமுறையில் ஒரு தடவை, பரீட்சைக்கு மூன்று நாள் முன்னால் இன்னொரு தடவை. அதே வாய், அதே அளவு காயம்... பரீட்சை சமயத்தில் ஆறுவதற்குச் சராசரியாக மூன்று நாள் கூடுதலாகப் பிடித்தது. பதினொரு பேரில் ஒருத்தருக்குக்கூட விடுமுறை வேகத்தில் ஆறவில்லை.

இத்தனைக்கும் அவர்கள் படித்துக்கொண்டிருந்ததே வாய் வைத்தியம்!