வளைந்த கூரைக்கு எந்த மரம்?

முயல்குட்டிகளுக்கு ஒரு வீடு கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கூரை அரைவட்டமாக இருந்தால் நல்லது. மழைநீர் தேங்காமல் இரண்டு பக்கமும் வழிந்தோடிவிடும். அந்த வளைவைத் தாங்கும் சட்டத்தை எதில் செய்யலாம்?

அகலமான பலகையில் வில்போல வரைந்து, அப்படியே அறுத்து எடுத்துவிடலாமே என்று முதலில் தோன்றும். பலகையை உற்றுப் பாருங்கள். நீளவாக்கில் ரேகைகள் ஓடும். மரத்தின் நார்கள் அந்தத் திசையில்தான் கிடக்கின்றன. மரத்தின் பலமும் அந்தத் திசையில்தான். வில்லாக அறுக்கும்போது ரம்பம் நார்களைக் குறுக்கே வெட்டிவிடுகிறது. நார் அறுபட்ட இடத்தில் சட்டம் சுலபமாக உடையும்.

பிரான்ஸ் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஃபிலிபெர் தெலோர்ம் இதற்கு ஒரு வழி கண்டார். 1561இல் வெளியான தம் நூலில் அதை விளக்கினார். வளைவு முழுவதையும் ஒரே பலகையில் அறுக்காமல், குட்டைப் பலகைகளை வரிசையாகச் சேர்த்தார். அதன்மேல் இன்னொரு வரிசை. ஒரு வரிசையில் இணைப்பு வரும் இடத்தை அடுத்த வரிசையின் முழுப்பலகை மூடிக்கொள்ளும். துண்டு குட்டை என்பதால் அறுபடும் நார்களும் குறைவு. பெரிய மரங்கள் கிடைக்காத காலத்தில் இது எவ்வளவு அருமையான யோசனை!

நாரை அறுக்காமல் வளைக்கவும் முடியும். ஆனால் வளைக்கும்போது மரத்தின் வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். தடிமன் கூடினால் இழுபடுவதும் கூடும். ஓர் அளவைத் தாண்டினால் ‘பட்’டென்று விரிசல்தான். மரத்தை நீராவியில் வைத்தால் நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் இளகும். அப்போது மரம் நசுங்க இடம் கொடுக்கும். ஆனால் இழுபட மட்டும் அவ்வளவாக இடம் கொடுக்காது. அதனால் நாற்காலிகள் செய்த மைக்கேல் தோனெட், வளைக்கும் மரத்தின் வெளிப்பக்கம் இழுபடாதபடி அங்கே இரும்புப் பட்டை ஒன்றைப் பொருத்தினார். 1859இல் வந்த அவருடைய வளைமர நாற்காலி உலகம் முழுக்கப் புகழ்பெற்றது.

நம் முயல் வீட்டுக்கு நீராவி வேண்டாம். 12 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பிளைவுட் பட்டையை வளைத்துப் பாருங்கள், அசையாது. 4 மில்லிமீட்டர் பட்டையோ சுலபமாக வளையும். தடிமன் மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் விறைப்பு 27இல் ஒன்றாகிவிடும் (3 × 3 × 3). ஆகவே மெல்லிய பட்டைகள் மூன்றை அடுக்கி, சேர்த்து வளையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு வளையும். இப்போது மூன்றும் சேர்ந்தும் ஒரு பட்டையைப்போல 3 மடங்கு விறைப்புதான். இடையில் பசை தடவி, வளைத்த நிலையிலேயே இறுக்கிக் காயவிடுங்கள். இனி வழுக்க முடியாது. விறைப்பு 27 மடங்கு! வளையும்போது இளக்கம், வளைந்தபின் உறுதி, இரண்டுமே கிடைத்துவிட்டன.

ஒரு நோட்டுப் புத்தகத்தை வளைத்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தாள்கள் நழுவி, ஓரம் சாய்ந்து நிற்கும். அப்படியே ஓரத்தைக் கிளிப் போட்டு இறுக்கிவிட்டுக் கையை எடுங்கள். வளைவு முழுசாக நிமிராது.

பசையே இல்லாமல் வளைந்த கூரை கட்டியவர்கள் நம் நீலகிரியில் இருக்கிறார்கள். தோடர்களின் பழைய வீடுகள் ஏறக்குறைய 18 அடி நீளம், 9 அடி அகலம், 10 அடி உயரம். தடித்த மூங்கில்களை வில்லாக வளைத்துச் சட்டம் அமைப்பார்கள். அதன்மேல் மெல்லிய பிரம்புகளை நெருக்கமாக வரிசைவைத்துக் கட்டி, காய்ந்த புல்லை வேய்வார்கள். மூங்கிலை அவர்கள் தேர்ந்தெடுத்தது அருமை. அதன் நார்கள் நீளவாக்கில் நேராக ஓடுகின்றன. தோலை ஒட்டிய வெளிப்பக்கத்தில் அவை அதிக நெருக்கம். உள்ளே வெற்றிடம் என்பதால் எடையும் குறைவு. உங்கள் ஊரில் பச்சை மூங்கில் கிடைக்குமானால், பிளைவுட்டைவிட அதையே நான் சொல்வேன். காய்ந்த மூங்கிலைவிடப் பச்சை மூங்கில் சுலபமாக வளையும்.

எதில் செய்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். வளைந்த சட்டம் தன் இரண்டு கால்களையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கால்களை மண்ணில் ஆழமாக ஊன்றுங்கள். பலகைமேல் நிறுத்துவதாக இருந்தால், இரண்டு கால்களையும் இணைத்து அடியில் ஒரு குறுக்குச் சட்டம் அடித்துவிடுங்கள்.