கொலஸ்திரோலும் கமக்காரர் உணவும்

"ஐயா, என்னுடைய உடம்பிலே கொழுப்பு எங்கே இருக்கிறது? எலும்பைத்தானே காண்கிறீர்கள்!"

இரணைமடுக் குளத்தின் கீழ் நெல்லும் மரக்கறியும் செய்கை பண்ணும் கமக்காரர் ஒருவர், இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும்படி யான் கூறியபோது இவ்வாறு சொல்லிச் சிரித்தார். வயது ஐம்பத்திரண்டு, மெலிந்த தேகம், நல்ல உழைப்பாளி. அடுத்த காலபோக அறுவடையின்போது வரம்பிலே நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மாரடைப்பு. உரிய வேளையில் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றமையால் உயிர் தப்பினார். இரத்தத்திற் கொலஸ்திரோல் மிகுந்திருந்தமை அங்கேதான் தெரியவந்தது.

பின்னர் அவரைக் காணச் சென்றேன். முற்றத்தில் வெண்டிக்காயும் கத்தரிக்காயும் சந்தைக்குச் செல்லக் கூடை கூடையாக இருந்தன. அடுப்படியிலோ தீட்டிய வெள்ளையரிசிச் சோறு, கட்டிப்பாற் சொதி, பொரித்த கருவாடு. "நல்ல காயெல்லாம் சந்தைக்குத்தானே, தம்பி" என்றார் மனைவியார். நோயைத் தணிக்கும் பொருள்களை விற்றுவிட்டு, அதனை வளர்ப்பவற்றை உண்ணும் இந்நிலை அவ்வீட்டில் மாத்திரம் உள்ளதன்று.

கொலஸ்திரோல் என்பது யாது?

கொலஸ்திரோல் மெழுகு போன்றதொரு பொருள். அது நஞ்சன்று. உடலின் கலங்களை அமைப்பதற்கும், உணவிலுள்ள கொழுப்பைச் சமிக்கச் செய்யும் பித்தத்தை ஆக்குவதற்கும் அது வேண்டும். அதன் பெரும்பகுதியை உடலே ஆக்கிக்கொள்கின்றது. இதில் ஈரலின் பங்கு முக்கியமானது. எஞ்சிய பகுதி இறைச்சி, முட்டை, பால் முதலிய விலங்குணவுகளிலிருந்து கிடைக்கின்றது.

இப்பொருள் நீரிற் கரையாது. ஆதலின் அது இரத்தத்திலே நுண்ணிய பொதிகளாகவே செல்லும். அடர்த்தி குறைந்த பொதிகள் மிகுந்தால், அவை நாடிகளின் சுவரினுட் புகுந்து படிகின்றன. இதனையே 'தீய கொலஸ்திரோல்' என்பர். அடர்த்தி கூடிய பொதிகள் மிகையானதை மீட்டு ஈரலுக்குக் கொண்டுசெல்வன.

வாய்க்காலில் மண் படிந்தால், அதன் கடைசியிலுள்ள வயற்காரர் நீர் குறைவதை உடனே அறிவார். நாடியிற் படிவதோ பல்லாண்டுகளாக எவ்வித அறிகுறியும் காட்டாது. சோதித்தால் மாத்திரமே அறியலாம்.

மெலிந்தவர்க்கும் கூடுவது ஏன்?

ஈரற் கலங்களின் மேல், தீய பொதிகளைப் பிடித்து உள்ளிழுக்கும் வாங்கிகள் உள்ளன. இவற்றைக் கண்டறிந்த அமெரிக்க அறிஞர் பிரவுண், கோல்ட்ஸ்ரீன் ஆகிய இருவருக்கும் 1985ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. சிலருக்குப் பிறப்பிலேயே இவ்வாங்கிகள் குறைவு. அன்றியும், நிரம்பிய கொழுப்பை மிகுதியாக உண்டால் இவற்றின் தொழில் குன்றும். அப்பொழுது பொதிகள் இரத்தத்திலேயே தங்கிவிடும். மெலிந்த உடம்பு இதற்குக் காப்பாகாது.

தேங்காயிற் கொலஸ்திரோல் இல்லை என்பது உண்மையே. ஆயினும் தேங்காயெண்ணெயில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பங்கு நிரம்பிய கொழுப்பாகும். "எம் முன்னோர் தேங்காய் உண்டு நலமாக வாழவில்லையா?" என்று கேட்பர். அவர்கள் எருது பூட்டி உழுதனர், அரிவாளால் அறுத்தனர், சந்தைக்கு நடந்தனர். இன்று உழவும் அறுவடையும் இயந்திரத்தின் வேலையாயின. உழைப்புக் குறைந்தது, உணவு குறையவில்லை. அன்றியும், முன்னோருள் நெஞ்சடைத்து இறந்தோர் எத்தனை பேர் என்பதை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

வெண்டியும் பயறும் செய்யும் வேலை

வெண்டிக்காயின் வழுவழுப்பை அறியாதார் இல்லை. அது நீரிற் கரையும் நார்ப்பொருள். பயறு, கௌபி, உழுந்து, கத்தரி, கரட், கொய்யா ஆகியவற்றிலும் இந்நார் உண்டு. குடலிலே இது பித்தத்தைப் பற்றிக்கொண்டு மலத்துடன் வெளியேறுகின்றது. இழந்த பித்தத்தை மீண்டும் ஆக்குவதற்கு, ஈரல் இரத்தத்திலுள்ள கொலஸ்திரோலை எடுத்துக்கொள்ளும். இவ்வாறே இரத்தத்தில் அதன் அளவு குறைகின்றது.

கனடாவில் யென்கின்ஸ் என்னும் பேராசிரியரும் குழுவினரும் செய்த ஆராய்ச்சியொன்று 2003இல் வெளியாயிற்று. வெண்டி, கத்தரி, சோயா, பாதாம் பருப்பு முதலியன அடங்கிய உணவை ஒரு மாதம் உண்டோருக்குத் தீய கொலஸ்திரோல் ஏறத்தாழ 29 வீதம் குறைந்தது. அது கண்காணிப்பின் கீழ், அளந்து கொடுக்கப்பட்ட உணவு. வீட்டில் அத்துணைப் பயனை எதிர்பார்த்தல் தகாது. எனினும் வழி நம் தோட்டத்திலேயே உள்ளது என்பது தெளிவு. அவித்த அவரையினப் பருப்புகளை நாளொன்றுக்கு 130 கிராம் உண்பதாலேயே ஏறத்தாழ 5 வீதம் குறையும் எனவும் கண்டுள்ளனர்.

செய்ய வேண்டியவை

1. நெல் அறுவடையின் பின் ஈரம் எஞ்சிய வயலிற் பயறு விதையுங்கள். 60 முதல் 65 நாட்களிற் பலன் தரும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 கிராம் உலர்ந்த பயறு எனக் கொண்டால், ஐவர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கிலோ வேண்டும். நன்கு பராமரித்தாற் கால் ஏக்கரில் இதனைப் பெறலாம். மண்ணுக்கும் தழைச்சத்துச் சேரும்.

2. வீட்டுத் தேவைக்கெனப் பத்துப் பன்னிரண்டு வெண்டியும் சில கத்தரியும் கிணற்றடியில் நடுங்கள். கீரைப் பாத்தி ஒன்றும் இருத்தல் நன்று. பீடைநாசினி தெளித்தால், சிட்டையிற் குறித்த நாட்கள் கழியும்வரை பறித்தலாகாது.

3. வீட்டு நெல்லை அதிகம் தீட்டாது குற்றுவியுங்கள். தவிடு நீங்காத சிவப்பரிசி நார் மிக்கது. அரிசி மாற்றத்தால் மாத்திரம் கொலஸ்திரோல் பெரிதுங் குறையாது. ஏனையவற்றுடன் சேர்ந்தே உதவும்.

4. கட்டிப்பாலை நாடோறும் சேர்க்காதீர்கள். பொரியலைக் குறையுங்கள். தாளிப்பதற்குத் தேங்காயெண்ணெய்க்குப் பதிலாக நல்லெண்ணெயைப் பயன்படுத்துங்கள். அதில் நிரம்பிய கொழுப்பு ஏறத்தாழ 15 வீதமே.

5. இயந்திரம் வேலை செய்யும் காலங்களில் நாளொன்றுக்கு அரை மணி நேரமாவது விரைந்து நடவுங்கள். புகைத்தலை முற்றாக விடுங்கள்.

6. தேசிக்காய்ச் சாறும் வெந்நீரும் நாடியிற் படிந்த கொழுப்பைக் கரைக்கும் என்பதை நம்பியிருத்தல் வேண்டா.

சிறுநீரக நோயுடையோர் பருப்பு, கீரை, பழம் ஆகியவற்றைக் கூட்டுமுன் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுதல் வேண்டும்.

மருந்தை நிறுத்தலாகாது

வைத்தியர் குளிசை கொடுத்திருந்தால், உணவை மாற்றினோம் என்று அதனைக் கைவிடாதீர்கள். இக்குளிசை வகைக்கு மூலமான பொருளை 1973இற் கண்டுபிடித்த யப்பானிய அறிஞர் அகிரா எண்டோ, கமக்குடும்பத்திற் பிறந்தவர். கியோத்தோ நகரத் தானியக் கடையொன்றிலிருந்து பெற்ற அரிசியில் வளர்ந்த பங்கசிலிருந்தே அவர் அதனைப் பெற்றார். ஆயினும் பூஞ்சணம் பிடித்த அரிசி மருந்தாகாது. அது சிறுநீரகத்துக்கும் ஈரலுக்கும் கேடான நஞ்சுகளைக் கொண்டிருக்கக்கூடும்.

35 வயதைக் கடந்தோர் அண்மையிலுள்ள அரச வைத்தியசாலைக்குச் சென்று சோதித்துக்கொள்ளுங்கள். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் மொத்தக் கொலஸ்திரோல் 200 மில்லிகிராமிற் குறைவாக இருத்தல் விரும்பத்தக்கது. கூடியிருந்தால் அஞ்சவேண்டா, வைத்தியர் கூறுவதைச் செய்து, அவர் குறிக்கும் தவணையில் மீண்டும் சோதியுங்கள்.

மேற்கூறிய கமக்காரர் இன்று குளிசையை ஒழுங்காக உட்கொள்கின்றார். கால் ஏக்கரிற் பயறும் விதைத்துள்ளார். அவர் மனைவியார் சந்தைக் கூடையை நிரப்புமுன் வீட்டுக் கறிக்கு நல்ல காய்களை எடுத்து வைக்கின்றார். விதைநெல்லை ஒதுக்கி வைத்த பின்னரே நெல்லை விற்பது நம் வழக்கம். வீட்டாரின் நலத்துக்குரிய பங்கையும் அவ்வாறே முதலில் ஒதுக்குங்கள்.